ஒரு கொடுவாவுக்கு இரண்டு தாய்

போன சனிக்கிழமை காலை ஒரு மீன்காரரிடம் போய், ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவர் எனக்குத் தந்த மீனைப் பற்றி விசாரித்தேன்.

சிரிக்காதீர்கள். உண்மையாகத்தான்.

யாழ்ப்பாணத்தில் தென்மராட்சிப் பக்கம், கடல்நீரேரிக் கரையில் ஒரு சின்ன மீன் சந்தை. நாலு சீமெந்து மேடை, ஒரு தகரக் கூரை, எண்ணிக்கையில்லாத காகம். அங்கே சூசை அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். நான் விலங்கியல் படிப்பிக்கிறவள் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆய்வுகூடத்துக்கு வேண்டிய மீனை இருபது வருடமாக அவரிடம்தான் எடுக்கிறேன்... சாப்பிட அல்ல, வெட்டிப் படிக்க.

"சூசை அண்ணை, முந்தின வருசம் ஆவணியிலை உங்களிட்டை ஒரு கொடுவா வாங்கினனான். ஞாபகம் இருக்கோ?"

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் ரீச்சர், பழுதாப் போச்சுதோ?"

பழுதுதான். ஆனால் அது எப்படிப் பழுதானது என்று சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வரவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது.

என்னிடம் வதனி என்றொருவர் முதுமாணிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். வயது நாற்பத்து மூன்று. சாவகச்சேரியில் பாடசாலை ஆசிரியை, இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். படிப்பு லீவில் நிற்கிறார். லீவு சித்திரையோடு முடிகிறது. பதிவு பங்குனியோடு முடிகிறது. இதற்கு மேல் நீட்டமாட்டோம் என்று கடிதமும் வந்துவிட்டது.

வதனியின் கணவர் கடல்நீரேரியில் கூடு போட்டுக் கொடுவா வளர்க்கிறவர். வெளிநாட்டிலிருந்து வரும் குஞ்சையும் எங்கள் நீரேரியில் பிடிபடும் குஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பார்த்துவிட்டு, "உது வேறை, இது வேறை" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். வேறா, ஒன்றா? யாருக்கும் தெரியாது. வதனிக்கு அதைக் கண்டுபிடிக்கவேண்டும். அதற்காகத்தான் இந்த வயதில் மறுபடி படிக்க வந்தார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மீனின் ஜீனோமைப் பார்க்கவேண்டும். அதாவது அந்த மீனை அந்த மீனாக ஆக்குகிற டி.என்.ஏ எழுத்து முழுவதையும். பிரச்சினை என்னவென்றால், எந்த இயந்திரமும் அதை ஒரே மூச்சில் வாசித்துத் தராது. துண்டு துண்டாக வாசித்துத் தரும். துண்டுகளைக் கணினியில் பொருத்தி எடுக்கவேண்டும். அப்படிப் பொருத்தி எடுத்து, இனிமேல் இந்த மீனைப் படிக்கிற எல்லோரும் இதையே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைப்பதற்குப் பெயர் ரெஃபரன்ஸ் ஜீனோம்.

கொடுவாவுக்கு வெளிநாட்டு மீன்களிலிருந்து எடுத்த மூன்றை வதனி தெரிந்தெடுத்தார். நாலாவது எங்களுடையது. நான் போய் மீன் வாங்கி, குப்பியில் போட்டு உறைய வைத்து, வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பி, வாசித்து வந்த துண்டுகளை வதனி மாதக்கணக்காக இருந்து பொருத்தியது.

இந்த நாலில் எது நல்லது? அதுதான் வதனியின் ஆய்வு. தரம் பார்த்து, எங்களுடையது தேறினால், கடைசி அத்தியாயத்தில் எங்கள் மீனையும் வெளி மீனையும் ஒப்பிடலாம்.

தரம் பார்ப்பது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. துண்டுகள் எவ்வளவு நீளமாகச் சேர்ந்திருக்கின்றன என்று பார்ப்போம். பிறகு, எந்த மீனிலும் கட்டாயம் ஒருமுறை இருக்கவேண்டிய ஜீன்கள் சில ஆயிரம் உண்டு. அவை இருக்கின்றனவா என்று பார்ப்போம். வீடு பார்க்கப் போகிற மாதிரித்தான். கிணறு இருக்கிறதா? குசினி இருக்கிறதா? சாமியறை? எல்லாம் இருந்தால் வீடு முழு வீடு.

எங்கள் கொடுவாவில் எல்லாம் இருந்தன. அதுமட்டுமல்ல, நாலிலும் மொத்த நீளம் கூடியது எங்களுடையதுதான். மற்ற மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எங்களுடையது அவற்றைப்போல ஒன்றரை மடங்கு!

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. துறையில் லட்டுக் கொடுத்தேன். போதாததற்கு, போன வருடம் இதே பத்தியில், யாழ்ப்பாணத்துக் கொடுவா முதலாம் இடத்தில் நிற்கிறது என்று பெருமையடித்து எழுதினேன். நீங்கள் சிலர் வாழ்த்துக் கடிதம் போட்டீர்கள். நீர்வேலியிலிருந்து ஒரு வாசகர் வாழைக்குலையே கொண்டுவந்து தந்தார். அதை நான் வெட்கமில்லாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

வதனி மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"மிஸ், ஒருமுறை இருக்கவேண்டிய ஜீன் கனக்க எங்கடை மீனிலை ரெண்டு முறை கிடக்கு."

நான் பேராசிரியர் மாதிரிச் சிரித்தேன். மீன்களின் முன்னோருக்கு ஒருகாலத்தில் ஜீனோம் முழுவதும் இரட்டித்தது என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். அந்தப் பழைய கதையின் மிச்சம்தான் இது என்று விளக்கினேன். உண்மையான விஷயம்தான். ஒரு உண்மையை எடுத்து எவ்வளவு அழகாகப் பிழையை மூடலாம் என்பதை முப்பது வருடம் படிப்பித்தவர்களிடம்தான் பார்க்கவேண்டும்.

"மற்ற மூண்டு மீனுக்கும் அதே முன்னோர் தானே மிஸ்?"

இப்படி ஒரு கேள்வி வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? அட்டவணையைப் பார்ப்போம். அட்டவணையில் அந்த இரட்டிப்புக் கணக்கு கடைசி நிரலில் இருந்தது. பக்கத்துக்குள் அடங்காமல் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

"உந்த நிரலை எடுத்துவிடும். அட்டவணை பக்கத்துக்குள்ளை அடங்கேல்லை" என்றேன்.

எடுத்துவிட்டார். ஆனால் மனதிலிருந்து எடுக்கவில்லை.

இந்த வருடம் தைப்பொங்கல் முடிந்த கையோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யத் தொடங்கினார். மூன்று கிழமை. பொருத்தியதைக் கலைத்தார், மறுபடி பொருத்தினார். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவார். கேட்டால், "நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன் மிஸ். அது எங்கை எண்டுதான் பிடிபடேல்லை" என்பார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. உள்ளதைச் சொன்னால், ஆள் கூடுதலாகக் கவலைப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

போன வியாழக்கிழமை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மிஸ், இந்த மீனுக்கு ரெண்டு அம்மா."

விளங்காதவர்களுக்கு: உயிர்க்கலத்துக்குள்ளே இழைமணி என்று ஒன்று உண்டு. அதற்கென்று தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. அது தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும், தகப்பனுக்கு அதில் பங்கில்லை. ஆகவே ஒரு மீனில் ஒரு தாயின் இழைமணி எழுத்துத்தான் இருக்கவேண்டும். எங்கள் மீனில் இரண்டு விதமாக இருந்தது. சந்தேகமே வராத மாதிரி, தெளிவாக, இரண்டு.

ஒரு மீனுக்கு இரண்டு தாய் இருக்க முடியாது. அப்படியென்றால் அது ஒரு மீன் அல்ல.

வீட்டில் இரண்டு கிணறும் இரண்டு குசினியும் இருக்கின்றன என்றால் அது பணக்கார வீடு என்று நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வீட்டைச் சேர்த்து ஒரே மதிலுக்குள் அடைத்திருக்கிறது என்று நினைக்கவில்லை.

"ஆய்வுகூடத்திலை நான் ஏதும் கலந்திட்டனோ தெரியாது மிஸ்..." வதனியின் குரல் உடைந்தது.

"பாப்பம்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பூவரச மரம் ஞாபகம் வந்துவிட்டது.

முந்தின வருடம் ஆவணி. வதனிக்கு அப்போது லீவு தொடங்கவில்லை, அன்று பாடசாலையில் பரீட்சை மேற்பார்வை. மீன் கரைக்கு வந்தவுடனே வெட்டி, ஈரலை எடுத்து, அந்த இடத்திலேயே திரவ நைதரசனில் போடவேண்டும். தாமதித்தால் டி.என்.ஏ உடைந்துவிடும். நான் போகிறேன் என்று பெரிய மனதோடு சொன்னேன். சொல்லிவிட்டுக் கலண்டரைப் பார்த்தால்... தெல்லிப்பழையில் எங்கள் ஊர்க் கோயிலில் முதல் நாள்தான் கொடியேறியிருந்தது.

கொடியேறினால் எங்கள் வீட்டில் மச்சம் கிடையாது. சட்டி பானை கழுவி, குசினி கழுவி, தேர் தீர்த்தம் முடியும்வரை மீன் வாடையே ஆகாது. நான் எத்தனை ஆயிரம் மீனை வெட்டியிருப்பேன்! தவளை, சுறா, திருக்கை... ஒன்றுக்கும் கை கூசியதில்லை. ஆனால் கொடியேறிவிட்டால் நான் விலங்கியல்காரி இல்லை, விரதகாரி. இதில் எது நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

ஆகவே என்ன செய்தேன்? கையுறை, கத்தி, குப்பி எல்லாவற்றையும் சூசை அண்ணையின் மேடையில் வைத்தேன். ஒரு கொடுவாவைக் காட்டினேன். "ஈரலை எடுத்து, குப்பியிலை கோடு வரைக்கும் நிரப்பித் தாங்கோ அண்ணை" என்றேன். பிறகு பூவரச மரத்தின் கீழே போய், அந்தப் பக்கம் திரும்பி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குப்பி நிரம்பியதும் இடுக்கியால் பிடித்துத் தூக்கி உறைகலத்துக்குள் விட்டேன். என் கையில் ஒரு சொட்டு இரத்தம் படவில்லை. நல்ல திருப்தியோடு வீடு போனேன்.

அதனால்தான் போன சனிக்கிழமை சந்தைக்குப் போனது.

"ஒரு மீன்ரை ஈரல்தானே அண்ணை போட்டனீங்கள்?"

சூசை அண்ணை ஒளிக்கவில்லை. ஒளிக்க அவருக்கு என்ன இருக்கிறது?

"மறப்பனோ ரீச்சர்? உங்கடை கோயில் கொடியேறின நேரம். நீங்கள் அந்தப் பூவரசுக்குக் கீழை அங்காலை பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். மீன் சின்னன், ஈரல் கோட்டுக்குக் காணேல்லை. பக்கத்திலை கிடந்த மற்றதின்ரையும் எடுத்து நிரப்பினனான். நீங்கள் விரதத்தோடை இவ்வளவு தூரம் வந்தனீங்கள்... குறைவாக் குடுத்துவிட மனம் வரேல்லை."

நான் அந்தப் பூவரசைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏன் ரீச்சர், அது பிழையோ?"

"இல்லை அண்ணை. உங்களிலை பிழை இல்லை."

உண்மையில் கால் குப்பி ஈரலே எனக்குப் போதும். கோடு வரை நிரப்பச் சொன்னது நான். பெரிய குப்பியைக் கொண்டுபோனது நான். ஒரே மீனிலிருந்து மட்டும் எடுக்கவேண்டும் என்று சொல்லாமல் விட்டதும் நான். எங்கள் பக்கத்தில் வாங்க வந்தவருக்கு அளவுக்கு மேலே கொஞ்சம் போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்த மனிதர் தன் குணத்தின்படி நடந்தார். நான் என் படிப்பின்படி நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தால், வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்காரரின் பதில் கிடந்தது. மாதிரி எப்படி எடுத்தது என்று அவருக்குத் தெரியாது. இரட்டிப்பு கூடுதலாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தேன். மேலதிகத் துண்டுகளைக் கழித்துவிடுகிற மென்பொருள் இருக்கிறது, ஓடவிட்டால் அட்டவணை வடிவாக வரும் என்று எழுதியிருந்தார்.

வரும்தான். ஒரே மீனில் வருகிற சின்னச் சின்ன இரட்டிப்புக்கு எல்லோரும் பாவிக்கிற மென்பொருள்தான் அது. ஆனால் எங்கள் குப்பியில் அதை ஓடவிட்டால் இந்த மீனில் கொஞ்சம், அந்த மீனில் கொஞ்சமாக எடுத்துத் தைத்து ஒரு கொடுவாவைத் தரும். கடல்நீரேரியில் ஒருநாளும் நீந்தியிராத கொடுவா.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை யோசித்துக்கொண்டு இருந்தேன். செய்தால் என்ன? யார் கேட்கப்போகிறார்கள்? வதனிக்குப் பட்டம் கிடைக்கும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். முழங்கால் வலி பற்றி இந்தப் பத்தியில் எழுதியிருக்கிறேன். மனது வலிக்கிறது என்று எழுதியதில்லை. அன்று வலித்தது. பொய் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை, சும்மா இருந்தால் போதும். களைத்துப்போன ஆட்களுக்கு அதைப்போல வசதியான பாவம் வேறு இல்லை.

ஆனால் சும்மா இருந்தால், வதனி தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டே இருப்பார். பட்டம் வாங்கும்போதும் அதை நினைப்பார். வகுப்பில் நிற்கும்போதும் நினைப்பார். அதை என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

திங்கட்கிழமை காலை வதனி வந்து பையைக்கூட வைக்கவில்லை. "இரும்" என்றேன். கொடி, பூவரசு, குப்பி, சூசை அண்ணை... எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடமும் ஆகவில்லை. நான் நினைத்தது, கத்துவார் என்று. கத்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப... நான் பிழை விடேல்லையோ மிஸ்?"

"இல்லை வதனி. நீர் ஒரு பிழையும் விடேல்லை."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நான் யன்னலைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று நல்ல பழக்கம்தானே.

பிறகு இரண்டு பேருமாக இருந்து ஆய்வேட்டைத் திறந்தோம். நாலு ஜீனோமின் தரத்தை ஒப்பிடுகிற பகுதி நிற்கும். ஆனால் வரிசை மாறும். முதலாவதாக நின்ற எங்களுடையது கடைசிக்குப் போகும். ஏன் போனது என்ற காரணமும் எழுதப்படும். எங்கள் மீனும் வெளி மீனும் ஒன்றா வேறா என்ற கடைசி அத்தியாயம் போய்விடும். புதிதாக மீன் எடுத்து, அனுப்பி, வாசித்து வர எத்தனையோ மாதம் வேண்டும். பங்குனி அதற்கு நிற்காது. வதனி படிக்க வந்ததே அந்த அத்தியாயத்துக்காகத்தான். அதை அவரே அழித்தார். என்னை அழிக்க விடவில்லை.

"வீட்டிலை அவருக்கு என்ன சொல்லப்போறீர்?" என்று கேட்டேன். கூட்டில் மீன் வளர்க்கிற கணவர் பதிலுக்குக் காத்திருக்கிறாரே.

"இன்னும் தெரியாது எண்டு சொல்லுவன் மிஸ். அதுதானே உண்மை."

அட்டவணைக்கு வந்தோம். நான் எடுத்துவிடச் சொன்ன இரட்டிப்பு நிரலைத் திரும்ப வைத்தார். அடங்காதே என்று நான் வாய் திறக்க முன்னம், பக்கத்தைக் குறுக்காகத் திருப்பினார். நிரல் வந்து அடக்கமாக உட்கார்ந்தது. பக்கத்தைத் திருப்பினால் போதும் என்று அவருக்குப் போன வருடமே தெரிந்திருக்கும். நான் எடுக்கச் சொன்னபடியால் எடுத்திருக்கிறார்.

கடைசியில் மாதிரிகளின் விபரப் பட்டியல். ஒவ்வொரு மீனுக்கும் இடம், திகதி, சேகரித்தவர். எங்கள் மீனுக்கு நேரே 'சேகரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர். முதலாமிடம் வந்த நாட்களில் நானே கேட்டுப் போடுவித்த பெயர் அது. அதற்குப் பக்கத்தில் வதனி புதிதாக ஒரு வசனம் எழுதினார்: திசு ஒன்றுக்கு மேற்பட்ட மீன்களிலிருந்து எடுக்கப்பட்டது.

பிறகு திரையில் என் பெயருக்கு நேரே விரலை வைத்தார்.

"மிஸ், இதிலை உங்கடை பேரை எடுக்கவோ? ஆய்வுகூடம் எண்டு மட்டும் போடலாம்."

என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். யாரை யார்?

"வேண்டாம். இருக்கட்டும்."

உங்களுக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன். போன வருடம் இந்தப் பத்தியில் நான் எழுதியது பிழை. யாழ்ப்பாணத்துக் கொடுவா முதலாம் இடத்தில் இல்லை. நீர்வேலி வாசகர் மன்னிக்கவேண்டும். குலையைத் திருப்பித் தர வழியில்லை.

வதனி பையை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனார். போனவர் நின்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"ஏன் மிஸ்... மீனை வெட்டிப்போட்டு, வீட்டை போய்க் கிணத்தடியிலை தோஞ்சிருக்கலாம் தானே?"

எங்கள் வீட்டில் கிணறு ஒன்றுதான். ஆனால் அது ஒரு கோடையிலும் வற்றியதில்லை.